பயத்தங்காய்க்கும் நிலக்கடலைக்கும் யூரியா எதற்கு? வேர்முடிச்சை வேலை செய்ய வைக்கும் முழு வழிகாட்டி

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) போனாலும் சரி, பழைய லயத்து வீடுகள் மிச்சமிருக்கும் தோட்டத்துப் பக்கம் போனாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுப் பயத்தங்காய்க் கொடி ஏறியிருக்கும். கொஞ்சம் அதிக இடம் கிடைத்தவர்கள் மின்கம்பிக்குக் கீழே உள்ள காலி நிலத்தில் நிலக்கடலை போட்டிருப்பார்கள், வேலி ஓரத்தில் அகத்தி நிற்கும். இந்த மூன்றுமே காற்றிலிருந்து தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளக்கூடிய செடிகள், ஆனாலும் இவற்றுக்கு வாரம் தவறாமல் யூரியாவோ நீல உரமோ போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கொஞ்ச நாளாக "வேர்முடிச்சு நுண்ணுயிர்" என்று, வேரில் முடிச்சு கட்டி நைட்ரஜன் பிடித்துத் தரும் நுண்ணுயிரைப் பொட்டலமாக விற்கிறார்கள், எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: பொட்டலம் கடைசி. நம் மண்ணில் நுண்ணுயிர் இல்லாமல் போவதை விட, இருக்கிற நுண்ணுயிர் வேலை செய்ய முடியாமல் போவதுதான் அதிகம். புளித்த (அமிலம் கூடிய) மண், பாஸ்பரஸ் பற்றாக்குறை, தேவையில்லாமல் கொட்டும் நைட்ரஜன் உரம் ஆகிய மூன்றும்தான் காரணம். இவற்றைச் சரி செய்யாமல் 30 ரிங்கிட் கொடுத்துப் பொட்டலம் வாங்கினால் 30 ரிங்கிட்டும் மண்ணுக்குள்தான் போகும்.

தோட்டங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பழைய ரப்பரையோ செம்பனையையோ சாய்த்துவிட்டு மறுநடவு செய்யும்போது வரிசைகளுக்கு நடுவே பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலபோகோனியம் என்ற கொடிகளை மண்ணை மூடும் பயிராகக் கலந்து விதைப்பார்கள், இப்போது பல இடங்களில் முக்குனா பிராக்டியேட்டா. களையை அமுக்க, மண் அரிக்காமல் இருக்க என்று மட்டும் நினைக்காதீர்கள். இவை எல்லாம் பயறுக் குடும்பம். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகமுத்துவும் புரோட்டனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இளம் செம்பனைக்கு நடுவே வளர்ந்த இந்த மூடுபயிர் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 150 கிலோ நைட்ரஜனை நிலைநிறுத்தியது என்று கண்டார்கள். யூரியாவில் 46 விழுக்காடுதான் நைட்ரஜன், ஆக இது 50 கிலோ மூட்டையில் ஆறரை மூட்டைக்குச் சமம். அந்தக் கொடியை விதைத்ததும், பாறை பாஸ்பேட் தூவியதும், செம்பனையில் ஏறாமல் இழுத்துவிட்டதும் நம் ஆட்கள்தான். அதே அறிவை வீட்டுப் பாத்திக்கும் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

வேருக்குள் என்ன நடக்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால்தான் பின்னால் சொல்லப் போகும் ஒவ்வொரு வேலையும் ஏன் என்று புரியும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், ஆனால் அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் நேரடியாக எடுக்க முடியாது. ரைசோபியம் வகை நுண்ணுயிர்கள் வேருக்குள் நுழைந்து முடிச்சு கட்டி, செடி தரும் சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கின்றன. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1880களில் இதை நிரூபித்தார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்து எடுத்தார்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏடிபி என்பது உயிரணுவின் சக்திப் பணம், அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. அதனால்தான் பாஸ்பரஸ் இல்லாத மண்ணில் முடிச்சு சின்னதாக, வெள்ளையாக, உதவாததாக நின்றுவிடுகிறது. உடைக்கும் வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் என்ற நொதிக்குள் இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன, ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். ஆக்சிஜனை அளவோடு விட ஒரு புரதம் உண்டு, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரன். அதனால்தான் வேலை செய்யும் முடிச்சை வெட்டினால் உள்ளே சிவப்பு.

இன்னொன்று, செடி கணக்குப் பார்க்கும். முடிச்சை வளர்க்கச் சர்க்கரை செலவு, மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் செலவை நிறுத்திவிடும். நீங்கள் யூரியா போடப் போட, செடி முடிச்சைக் கைவிடுகிறது.

முதலில் தோண்டிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இப்போது உங்களிடம் நிற்கும் பயத்தங்காயில் பூ விடத் தொடங்கிய ஒன்றிரண்டு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள்.

பயத்தங்காயில் மிளகு அளவுக்கு உருண்டையாக இருக்கும். நிலக்கடலையில் இன்னும் சின்னதாக, பக்கவேர் கிளைக்கும் மூட்டுகளில் ஒட்டிக்கொண்டு இருக்கும். நகத்தால் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்போ சிவப்போ என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் ஒன்று இன்னும் முதிரவில்லை, அல்லது உதவாத நுண்ணுயிர் உட்கார்ந்திருக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் ஆயுள் முடிந்தது. காய் முற்றும் நேரத்தில் அது இயல்பு, பூக்கும் நேரத்தில் இருந்தால் ஏதோ கோளாறு.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேரில் வீக்கம் தெரிந்ததும் "அப்பாடா, முடிச்சு நிறைய" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள், அது நூற்புழு வீக்கமாக இருக்கும். ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பப் பயத்தங்காய், வெண்டை, கத்தரி போட்டால் இந்தப் புழு வந்துவிடும். அடையாளம் சுலபம்: நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் தனியாகக் கழன்று வரும், நூற்புழு என்றால் வேரே வீங்கிக் கோணலாக இருக்கும், தள்ளினால் கழலாது. புழு இருந்தால் இந்த வழிகாட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பாத்தியில் துலுக்கச் சாமந்தி நெருக்கமாக நடுங்கள்.

மூன்று சின்னப் பாத்தி

நுண்ணுயிர்ப் பொட்டலம் உங்கள் மண்ணுக்குத் தேவையா இல்லையா என்பதை எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது, உங்கள் மண்தான் சொல்லும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மூன்று பாத்தி பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், நடுவே கால் வைக்கும் அகலத்துக்கு இடைவெளி. மூன்றுக்கும் ஒரே விதை, ஒரே சுண்ணாம்பு, ஒரே பாஸ்பேட். முதல் பாத்தியில் வெறும் விதை. இரண்டாவதில் நுண்ணுயிர் பூசிய விதை. மூன்றாவதில் வெறும் விதை போட்டு, முளைத்த பிறகு வாரம் ஒருமுறை கொஞ்சம் யூரியா. விதைக்கும்போது முதலாவதையும் மூன்றாவதையும் முடித்துவிட்டுக் கடைசியாக இரண்டாவதுக்குப் போங்கள், கையில் ஒட்டிய நுண்ணுயிர் மற்றதில் கலந்துவிடக் கூடாது.

ஐந்து வாரம் கழித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே பச்சையாக, முதல் பாத்தியிலும் முடிச்சு சிவப்பாக இருந்தால் உங்கள் மண்ணிலேயே நல்ல நுண்ணுயிர் இருக்கிறது, இனி பொட்டலமும் வேண்டாம் யூரியாவும் வேண்டாம். முதலாவது வெளிறி, இரண்டாவதும் மூன்றாவதும் பச்சை என்றால் பொட்டலம் உங்களுக்கு உதவுகிறது. மூன்றாவது மட்டும் பச்சை என்றால் நுண்ணுயிர் மண்ணில் இருந்தாலும், நீங்கள் பூசியிருந்தாலும் வேலை செய்யவில்லை. புளிப்பு, பாஸ்பரஸ், அல்லது பொட்டலமே செத்தது. மூன்றுமே சோனி என்றால் பிரச்சனை நைட்ரஜனே இல்லை.

புளிப்பை இறக்குங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையில் பாதி இதுதான். நம் நாட்டு மேட்டு மண் பெரும்பாலும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே பி.எச். காட்டும் (பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). வருடக்கணக்காக யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் விழுந்த தோட்டத்து மண் இன்னும் கீழே போயிருக்கும். தாமான் வீட்டு நிலமோ மேல்மண்ணை வழித்துவிட்டு அடிமண்ணைப் பரப்பியது. ஐந்துக்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது, நுண்ணுயிர் நுழையும் வேர்த்தூவியே வளராது, கால்சியம் இல்லை, மாலிப்டினம் மண்ணோடு இறுகிப்போய்ச் செடிக்குக் கிடைக்காது.

உரக் கடையில் ஜி.எம்.எல். என்று கேளுங்கள், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் மாவு. சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம், அது வேரையும் நுண்ணுயிரையும் சுட்டுவிடும். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துக் கெட்டிப்பால் டின்னில் கோடு போட்டுக்கொண்டால் அப்புறம் டின்னாலேயே அளக்கலாம். மேலே தூவிவிட்டு விடாதீர்கள், அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு மண்ணில் நகராது, விழுந்த இடத்தில்தான் வேலை செய்யும். விதைப்புக்கு மூன்று நாலு வாரம் முன்பே போடுங்கள். பி.எச். 5.5 முதல் 6 வரை வந்தால் போதும், ஏழுக்கு ஏற்றினால் துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காமல் வேறு வகையில் இலை மஞ்சளாகும். அதனால் வருடா வருடம் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், மண் சோதனைக் கருவியில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நிலக்கடலைக்குக் கூடுதல் ஒன்று: காய் தன் கால்சியத்தைத் தான் இருக்கும் மண்ணிலிருந்தே உறிஞ்சும், வேரிலிருந்து அதற்குப் போவது மிகக் குறைவு. பூக்கும் நேரத்தில் செடியைச் சுற்றி ஜிப்சம் தூவி மண் அணைத்தால் பொக்குக் காய் குறையும்.

பாஸ்பரஸ்

தோட்டத்தில் மூடுபயிருக்குப் போடுவது பாறை பாஸ்பேட், அது புளித்த மண்ணில்தான் கரையும். நீங்கள் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்த பாத்தியில் அது மெதுவாகிவிடும். ஆகவே சுண்ணாம்பு போட்ட பாத்திக்கு டி.எஸ்.பி. (டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட்) வாங்கி, சதுர மீட்டருக்கு 15 கிராம், விதைக்கும் வரிசைக்குக் கீழே விரல் ஆழத்தில் கோடாகப் போட்டு மண் மூடி அதன் மேல் விதையுங்கள். பரவலாகத் தூவினால் நம் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் விறகுச் சாம்பல் சேர்த்தால் பொட்டாசியம் கிடைக்கும், ஆனால் அதுவும் புளிப்பைக் குறைக்கும் என்பதால் சுண்ணாம்பு அளவைக் கொஞ்சம் குறையுங்கள்.

பச்சைக் கோழிச் சாணம் வேண்டாம். அதில் உள்ள அமோனியா யூரியா மாதிரியே முடிச்சைத் தடுக்கும். நன்றாக மக்கியது என்றால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு கொஞ்சம் கலக்கலாம்.

எந்த நுண்ணுயிர்?

எல்லாப் பயறுக்கும் ஒரே நுண்ணுயிர் இல்லை. பயத்தங்காய், தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை, சிறகவரை, தோட்டத்து மூடுபயிர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கூட்டத்து நுண்ணுயிரை ஏற்றுக்கொள்ளும், பிராடிரைசோபியம் என்று பெயர். தோட்டத்து ஓரத்து மண்ணில் இது ஏற்கனவே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடக்கிற இடம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதன் வேரில் குடியிருப்பது பெரும்பாலும் வேறு வகை. சோயாவுக்குத் தனி நுண்ணுயிர் வேண்டும். கேமரன் மலையில் விளையும் பீன்ஸுக்கும் தனி. அந்தப் பீன்ஸ் நைட்ரஜன் பிடிப்பதில் சோம்பேறிப் பயிர், அதற்குக் கொஞ்சம் உரம் போட்டுத்தான் ஆக வேண்டும். புளியமரமும் சரக்கொன்றையும் காயைப் பார்த்தால் பயறுக் குடும்பம்தான், ஆனால் முடிச்சே போடாது.

பொட்டலம் உண்மையிலேயே உதவும் இடம் பழைய ஈயச் சுரங்கத்து மணல், ஈயக் குட்டை ஓரம், மண் வழித்துப் போட்ட புதுத் தாமான். அங்கே மட்கும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை. வாங்கும்போது எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால் வெயிலில் கூரியர் வண்டியில் எத்தனை நாள் கிடந்தது என்பது முக்கியம், ஏனென்றால் உள்ளே இருப்பது உயிர். வந்ததும் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வைக்கும் அறையில் வேண்டாம்.

நன்றாக விளைந்த பாத்தியிலிருந்து மண்ணை அள்ளிப் புதுப் பாத்தியில் தூவும் பழைய முறையும் வேலை செய்யும்தான். ஆனால் அந்த மண்ணோடு நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்து வரும், அதனால் நான் அதைச் சொல்வதில்லை.

விதைக்குப் பூசுவது

கடையில் கிடைக்கும் பயத்தங்காய் விதை பல நேரம் இளஞ்சிவப்பாக இருக்கும், அது பூஞ்சணக் கொல்லி. அதன் மேல் நுண்ணுயிரைப் பூசினால் சாகும். பூசாத விதை தேடுங்கள், அல்லது உங்கள் கொடியில் முற்றிய காயை நீங்களே எடுத்து வையுங்கள். வேறு வழியில்லை என்றால் விதையில் பூசாமல், நுண்ணுயிரை ஈர மட்கில் கலந்து வரிசையில் போட்டு, கொஞ்சம் மண் தள்ளி, அதன் மேல் விதையுங்கள்.

பூசும் முறை: வடித்த கஞ்சியை நன்றாக ஆறவிடுங்கள், உப்பு போடாத கஞ்சி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் மழைத்தண்ணீர் அல்லது இரவு முழுவதும் திறந்து வைத்த தண்ணீர். கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் நுண்ணுயிரைக் கஞ்சியில் குழைத்து, விதை மேல் மெல்லிய பூச்சாகப் படியும்வரை புரட்டுங்கள், விதை ஊறக் கூடாது. நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, அன்றைக்கே, மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஈர மண்ணில் விதைத்து உடனே மூடிவிடுங்கள்.

பாத்தியும் மூடாக்கும்

முடிச்சு மூச்சு விட வேண்டும். நம் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கும் தரையில் என்ன செய்தாலும் பலன் இல்லை, ஒரு அடிக்குப் பாத்தியை உயர்த்துங்கள். அதே போல வெயிலில் வெறும் மண்ணின் மேல்பரப்பு 40 டிகிரி தாண்டிப் போகும், அந்தச் சூட்டில் நுண்ணுயிர் தாங்காது. விதை முளைத்ததும் வெட்டிய லாலாங் புல்லையோ காய்ந்த இலையையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஆலையிலிருந்து செம்பனைக் குலைச் சக்கை கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் மேலேயே கிடக்கட்டும், மண்ணுக்குள் புதைத்தால் அது மக்குவதற்கு மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் வாரத்து மஞ்சள்

"அண்ணே, இலை வெளிறுதே, கொஞ்சம் யூரியா போட்டுடவா?" என்று கேட்பது சரியாக இந்த நேரத்தில்தான். விதையில் இருந்த சாப்பாடு தீர்ந்துவிட்டது, முடிச்சு இப்போதுதான் கட்டுகிறது, இரண்டாம் வாரத்திலிருந்து நாலாம் வாரத்துக்குள் செடி கொஞ்சம் பசியில் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பிடி யூரியா விழுந்தால் முடிச்சு வளர்வது தள்ளிப்போகும், மறுபடி வெளிறும், மறுபடி யூரியா, அப்படியே அந்தப் பருவம் முழுவதும் உரத்தில்தான் ஓடும். மண் ரொம்ப ஏழை, சுத்த மணல் என்றால் மட்டும் விதைக்கும்போதே சதுர மீட்டருக்கு 4 கிராம் யூரியா, ஒரே தடவை. அதற்கு மேல் இல்லை.

ஐந்தாம் வாரத்திலும் வெளிறியே இருந்தால் தோண்டிப் பார்த்து, மேலே சொன்னபடி நிறத்தை வைத்து முடிவெடுங்கள். முடிச்சே இல்லை என்றால் இந்தப் பருவத்தைக் காப்பாற்ற உரம் போடுங்கள், தப்பில்லை. அடுத்த பருவத்துக்கு மண்ணைச் சரி செய்யலாம்.

அறுவடைக்குப் பிறகு

"பயறு போட்டால் மண் தானாக வளமாகும்" என்பது பாதி உண்மைதான். பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு காய்க்குள் போய்விடுகிறது, காயை நாம் பறித்துச் சந்தைக்குக் கொண்டு போகிறோம். கொடியையும் பிடுங்கி எரித்துவிட்டால் மண்ணுக்கு மிச்சம் ஒன்றுமில்லை, சில நேரம் நட்டம்கூட. ஆகவே பயத்தங்காயைத் தரையோடு அறுங்கள், வேர் உள்ளேயே மக்கட்டும். நிலக்கடலையைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், காயை ஆய்ந்துவிட்டுக் கொடியைத் திரும்பப் பாத்தியிலேயே பரப்புங்கள்.

மண்ணை ஏற்றுவதே நோக்கம் என்றால் காய்க்கு ஆசைப்படாமல் சணப்பையோ தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்து, பூ வந்ததும் வெட்டி அங்கேயே போட்டுக் கொத்திவிடுங்கள். வெட்டிய இளம் தழை நம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சில வாரங்களிலேயே மக்கி நைட்ரேட்டாகிவிடும், பெருமழை வந்தால் அது அடிமண்ணுக்கு இறங்கிப் போய்விடும், அதனால் பாத்தியைச் சும்மா போடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் சோளமோ கீரையோ நட்டுவிடுங்கள். ஒரு வரிசைக்கு வழக்கமாகப் போடும் உரம், அடுத்த வரிசைக்குப் பாதி என்று போட்டுப் பார்த்தால், இந்த மண்ணில் எவ்வளவு உரத்தைக் குறைக்கலாம் என்பது அந்தச் சோளத்திலேயே தெரிந்துவிடும்.